ஓரம் தாண்டும் பூக்கள்

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடம் விடுமுறை விட்ட மறுநாள், சித்தி சந்தைக்குப் போய் முற்றல் வெண்டைக்காயாகப் பொறுக்கி வாங்கி வருவாள். காய்க்காரம்மாவுக்கு அது ஒவ்வொரு வருஷமும் ஆச்சரியம். நுனி ஒடித்துப் பிஞ்சு பார்த்து வாங்குகிற ஊரில், ஒடித்தால் நார் தொங்குகிற காயாகக் கேட்டு வாங்குகிற ஒரே ஆள் சித்திதான். பிஞ்சுக் காயில் வழுவழுப்பு அதிகம். மை ஒட்டாது, தாளில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். முற்றிய காயைக் காம்பிலிருந்து இரண்டு விரற்கடை விட்டுக் குறுக்கே ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். அறுக்கக் கூடாது. வெட்டின முகத்தில் ஐந்து அறைகள், அறைக்கு ஒரு விதை, சுற்றிலும் ஐந்து முனை. விதையை ஊசியால் நெம்பி எடுத்துவிட்டு, காயைத் துணியில் கவிழ்த்து ஒரு மணி நேரம் ஆறப்போட்டால் பொங்கல் வாழ்த்துக்கு அச்சு தயார்.

இது 1980-களின் தொடக்கம். ஊர் சாத்தூர். வெள்ளரிக்காய்க்கும் காராச்சேவுக்கும் பேர்போன அந்த ஊருக்கு அன்று பேனா நிப்பும் ஒரு அடையாளம். பட்டறைகளில் நிப்பு வெட்டுகிற சத்தம் பகல் முழுக்கக் கேட்கும். பக்கத்திலேயே சிவகாசி. 1920-களில் தீப்பெட்டித் தொழில் அங்கே வேர்விட்டது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்பதால் அச்சகம் வந்தது. லேபிள் அடித்த இயந்திரங்கள் பிறகு காலண்டர் அடித்தன, பட்டாசு உறை அடித்தன, பொங்கல் வாழ்த்தும் அடித்தன. கோவில்பட்டியில் இருந்த ஓவியர் கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசிக் கல்லச்சிலும் ஆப்செட்டிலும் ஏறி நாடெங்கும் சுவர்களில் தொங்கினார்கள். எங்கள் பகுதியில் சாமிக்கு முகம் அவர்கள் கொடுத்ததுதான்.

மார்கழி பிறந்துவிட்டால் கடைத்தெருவில் கயிறு கட்டி, துணிக்குத்தும் கிளிப்பில் வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிடுவார்கள். பொங்குகிற பானை, இருபக்கமும் கரும்பு, பின்னால் சூரியன் என்பது ஒரு வகை. எம்.ஜி.ஆர்., சிவாஜி, ரஜினி, கமல் ஒரு வகை. பொங்கலைத் தமிழர் திருநாளாக முன்னிறுத்திய திராவிட இயக்கத்தின் தாக்கத்தில் வந்த, திருவள்ளுவரும் அண்ணாவும் இருக்கிற அட்டைகள் இன்னொரு வகை. மேலே ஜிகினா தூவியது என்றால் விலை கூடுதல். யாருக்கு எந்த நடிகர் என்று கணக்குப் போட்டு வாங்குவது அன்றைய பிள்ளைகளுக்குப் பெரிய வேலை. தவறிப்போய் ரஜினி ரசிகனுக்குக் கமல் அட்டை போய்விட்டால் தை மாதம் முழுக்கப் பேச்சுவார்த்தை இருக்காது.

சித்தி கடை அட்டை வாங்கமாட்டாள். காசு ஒரு காரணம். எங்கள் வீட்டிலிருந்து நாற்பது வீடுகளுக்கு வாழ்த்துப் போயாக வேண்டும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றை அவளே சொல்வாள். “ஒரே முருகன் உங்க பெரியம்மா வீட்டுக்கும் போவாரு, அத்தை வீட்டுக்கும் போவாரு. ரெண்டு பேரும் ஒரே தெருவுல இருக்காங்க. அவங்க ரெண்டு அட்டையையும் பக்கத்துல வச்சுப் பாத்தா என்ன நெனப்பாங்க?”

தாள் சிவகாசியிலிருந்து வந்தது. அச்சகங்களில் ஓரம் வெட்டித் தள்ளுகிற துண்டுகளை எடைக்கு வாங்கலாம். அதில் வழவழப்பில்லாத தடித்த தாளாக மாமா பார்த்து எடுத்துவருவார். பளபளப்பான ஆர்ட் தாள் வந்தால் சித்தி ஒதுக்கிவிடுவாள். அதில் ஸ்டாம்ப் பேட் மை காயவே காயாது, கை பட்டதும் இழுசும். மை வைக்கும் மெத்தைக்கு டிபன் டப்பா மூடி. அதில் பழைய வேட்டித்துணியை ஏழெட்டு மடிப்பாகப் போட்டு, நடுவே கொஞ்சம் பஞ்சு வைத்து, மேலே ஒரு மெல்லிய துணி. ஊதாவுக்கு ஸ்டாம்ப் பேட் மை. நீலத்துக்குப் பேனா மை. மஞ்சளுக்கு மஞ்சள்தூள். அதிலேயே துளி சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்திச் சிவப்பு. பீட்ரூட் சாற்றை நான் ஒரு வருஷம் சோதித்துப் பார்த்தேன். பிழிந்தபோது பட்டுப்புடவை நிறமாக இருந்தது, இரண்டு நாளில் பழுப்பாகப் போய்விட்டது.

வாழ்த்துச் செய்கிற பிள்ளைகள் எல்லா வீடுகளிலும் இருந்தார்கள். நூலை மையில் நனைத்துத் தாளை மடித்து இழுத்து நூல் ஓவியம் செய்வார்கள். இலையை வைத்துப் பல் துலக்கும் பிரஷ்ஷால் மை தெறிக்கவிடுவார்கள். அப்சரா, நடராஜ் ரப்பரில் பிளேடால் பூ செதுக்குவார்கள். அவர்களும் சித்தியும் வேறுபட்ட இடம் ஒன்று உண்டு, அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் அட்டையை மடித்துவிட்டு, நடுவில் ஒரு பூவை அச்சடித்து, கீழே ‘பொங்கல் வாழ்த்துகள்’ என்று எழுதுவார்கள். சித்தி அட்டையை வெட்டவேமாட்டாள். முதலில் முழுத் தாளையும் பூவால் நிறைப்பாள். துணி நெய்கிற மாதிரி தாளைச் செய்வாள். காய்ந்தபின்தான் கத்தரி எடுப்பாள்.

தாளை நிறைக்கப் புள்ளி வேண்டும். பென்சில் கோடு போட்டால் அழிக்கும்போது மை கலையும். அதனால் தாளை இரண்டாய், நான்காய், எட்டாய் மென்மையாக மடித்துப் பிரிப்பாள். நகத்தால் அழுத்தமாட்டாள். குறுக்கிலும் அப்படியே. மடிப்புகள் வெட்டிக்கொள்கிற இடமெல்லாம் புள்ளி. அந்தப் புள்ளிமேல் நேராகப் பூ வைத்தால் அது நேர்ப்புள்ளிக் கோலம். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை பாதி இடம் தள்ளி, மேல்வரிசையின் இரண்டு பூவுக்கு இடையில் கீழ்வரிசைப் பூ வருகிற மாதிரி வைத்தால் அது ஊடுபுள்ளி. சில வீடுகளில் சந்துப்புள்ளி என்பார்கள். பதினைந்து புள்ளியில் தொடங்கி, ஊடுபுள்ளியாக இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைத்து எட்டில் முடிக்கிற கோலத்தைப் போட்டுப் பழகிய கைக்கு இது புதிதாகக் கற்கவேண்டிய ஒன்றாக இல்லை.

நேர்ப்புள்ளியில் அடித்த தாள் கணக்கு நோட்டு மாதிரி இருக்கும். கண் நேரே கீழே இறங்கிவிடும். ஊடுபுள்ளியில் கண் சாய்வாக அலையும். ஒரு பூவிலிருந்து எந்தப் பக்கம் போவது என்று அதற்குத் தெரியாது, அதனால் தாளிலேயே தங்கிவிடும். சேலைக்கடையில் நல்ல பூப்போட்ட வாயிலை விரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஊடுபுள்ளியில்தான் பூ விழுந்திருக்கும். துணி அச்சிலும் சுவர்த்தாள் அச்சிலும் உலகம் முழுக்க இந்த வேறுபாடு உண்டு. நம் வாசலில் அதற்குப் பெயர் வைத்து வெகுகாலம் ஆகிறது.

ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப வைத்து ஒரு தளத்தை நிறைப்பதற்கு அடிப்படையில் 17 வகைச் சமச்சீர்தான் உண்டு என்று ரஷ்யாவின் ஃபெதரோவ் 1891-இல் நிறுவினார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ஆய்ந்தவர்களும் 1970-களில் கோலத்துக்குக் கணித இலக்கணம் எழுதினார்கள். கோலம் போடுகிறவர்கள் மனதில் வைத்திருக்கிற விதிகளைக் கணினிக்குப் புரிகிற விதிகளாக மாற்ற முடியும் என்று காட்டிய வேலை அது. சித்தி எட்டாம் வகுப்போடு நின்றவள். அந்தப் பதினேழில் நாலைந்து அவள் கையில் இருந்தன. ஒரு பூவை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் வைப்பாள். நாலு பூவை நாலு திசைக்குத் திருப்பி ஒரு கூட்டமாக்குவாள். வாழைமட்டையைக் குறுக்கே வெட்டினால் பிறைவடிவத்துக்குள் கட்டம் கட்டமாக அறைகள் தெரியும். அந்தப் பிறையை ஒன்று இடம், ஒன்று வலம் என்று மாற்றி மாற்றி அடுக்கினால் அலையாகும். வெங்காயத்தைப் பாதியாக வெட்டினால் வளையம். தாமரைத் தண்டில் துளை. காய்கறிக் கூடை அவளுக்கு அச்சுக்கூடம்.

நான் அச்சடிக்கத் தொடங்கிய வருஷம் அவள் சொன்ன ஒரே திருத்தம் இன்றும் காதில் இருக்கிறது. தாளின் ஓரம் வந்ததும் நான் நின்றுவிடுவேன். பூ முழுதாக உள்ளே விழ இடமில்லை என்றால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுவேன். “டேய், ஓரத்துல நிக்காத. தாண்டிப் போ.” தாளுக்கடியில் தினத்தாளை விரித்து, பாதிப் பூ தாளிலும் பாதிப் பூ தினத்தாளிலும் விழும்படி அடிக்கச் சொன்னாள். அடித்தேன். அந்தக் கணமே தாள் மாறிவிட்டது. அதுவரை ஒரு தாளில் சில பூக்கள் இருந்தன. இப்போது எங்கோ விரிந்துகிடக்கிற ஒரு பெரிய பூந்துணியிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்துவந்த மாதிரி இருந்தது. ஓரத்தில் வெட்டுப்பட்ட பூதான் அந்த நம்பிக்கையைத் தருகிறது. ‘இது தொடர்கிறது’ என்று அது கண்ணுக்குச் சொல்கிறது.

பத்துப் பதினைந்து அச்சுக்கு ஒருமுறை காயின் முகம் தளர்ந்துவிடும். ஒரு மெல்லிய வில்லையைச் சீவித் தள்ளினால் புதுமுகம் வரும். ஆனால் வெண்டைக்காய் நுனிப்பக்கம் போகப்போகச் சிறுக்கும். அதனால் ஒரே தாளில் முதல் வரிசைப் பூவும் கடைசி வரிசைப் பூவும் ஒரே அளவில் இருக்காது. மையும் அப்படித்தான். மெத்தையில் தொட்டதும் அடித்தது அடர்த்தி, அடுத்தது வெளிறல். சித்தி இதைக் குறையாக எண்ணியதில்லை. அடர்த்தியானதையும் வெளிறியதையும் ஒன்றுவிட்டு ஒன்றாக வரும்படி அடித்து, அதையும் வரிசையில் சேர்த்துக்கொள்வாள்.

அட்டைக்குள்ளே எழுதுவது சாத்தூர் நிப்பும் பிரில் மையும். உறையை ஒட்டாமல் மூடியை உள்ளே செருகி, மேலே ‘புக் போஸ்ட்’ என்று எழுதினால் தபால்தலைச் செலவு குறையும். அன்று அச்சிட்ட வாழ்த்துகள் அப்படிப் போக முடிந்தது. ஒருமுறை தபால் நிலையத்தில் இருந்த பெரியவர் எங்கள் உறையைத் திறந்து பார்த்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார். “தம்பி, இது அச்சடிச்சதா, கையால போட்டதா?”

“அச்சுதான் சார். வெண்டைக்காய் அச்சு.”

அவர் இன்னொரு தடவை பார்த்தார். பக்கத்து மேசைக்காரரிடம் காட்டினார். அப்புறம் முத்திரை குத்தினார். அவர் குத்தியதும் அச்சுதான், ஊதா மையில்தான் என்று அன்று எனக்குத் தோன்றியது.

எப்போது நின்றது என்று நாள் சொல்ல முடியவில்லை. முதலில் எஸ்.டி.டி. பூத் வந்தது. பொங்கலன்று இரவு வரிசையில் நின்று இரண்டு நிமிஷம் பேசினால் வாழ்த்துச் சொன்னதாகிவிட்டது. பிறகு கைப்பேசிக் குறுஞ்செய்தி. பண்டிகை நாட்களில் இலவசக் குறுஞ்செய்தி செல்லாது என்று நிறுவனங்கள் காசு பிடித்ததால், முந்தின நாளே அனுப்பிவைக்கிற வழக்கம்கூடக் கொஞ்ச காலம் இருந்தது. பிறகு வாட்ஸ்அப். பொங்கலன்று காலையில் ஒரே பானை, ஒரே கரும்பு, ஒரே வாசகம் ஏழெட்டுப் பேரிடமிருந்து வருகிறது. சித்தி பயந்தது அதே முருகன் இரண்டு வீட்டுக்குப் போவதை. இப்போது அதே பானை ஒரே வீட்டுக்கு எட்டு முறை வருகிறது. கடைத்தெருவில் கயிறு கட்டுவதும் நின்றது. சிவகாசி இயந்திரங்கள் நோட்டுப் புத்தகமும் காலண்டரும் டைரியும் அடித்துக்கொண்டிருக்கின்றன. தொழில் ஓயவில்லை, வாழ்த்து அட்டை மட்டும் அதிலிருந்து உதிர்ந்துவிட்டது. சாத்தூர் நிப்பு பால்பாயின்ட் பேனாவோடு போராடித் தோற்றது தனிக்கதை.

கையால் வாழ்த்துச் செய்கிறவர்கள் இன்று இல்லை என்று சொன்னால் அது பொய். அண்ணன் மகள் சென்னையில் இருக்கிறாள். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தாள் வாங்கி வாழ்த்து அட்டை செய்கிறாள். அவளுடைய மேசையைப் பார்த்தால் சித்தி அன்றைக்கு என்னவெல்லாம் இல்லாமல் வேலை செய்தாள் என்பது புரியும். கண்ணாடி மாதிரித் தெளிந்த பாலிமர் அச்சுகள். அவற்றைத் தெளிந்த அக்ரிலிக் கட்டையில் ஒட்டிக்கொள்ளலாம், வேலை முடிந்ததும் உரித்துக் கழுவி வைக்கலாம். கட்டையில் கட்டக்கோடுகள் பொறித்திருக்கின்றன. பூ எங்கே விழப்போகிறது என்று கட்டை வழியாகவே தெரிகிறது. இது சின்ன விஷயம் இல்லை. வெண்டைக்காயிலும் ரப்பரிலும் மரக்கட்டையிலும் பெரிய சிக்கலே அதுதான். அடிக்கிற கணத்தில் அச்சே கண்ணை மறைத்துவிடும். எடுத்த பிறகுதான் கோணல் தெரியும். நாங்கள் காயின் பக்கவாட்டில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டு, அதை மடிப்புக்கு நேரே பிடித்துச் சமாளித்தோம்.

கதவு மாதிரிக் கீல் வைத்த ஒரு சட்டமும் அவளிடம் உண்டு. தாளை உள்ளே காந்தத்தால் பிடித்துவைத்து, அச்சை மூடியில் ஒட்டி, மூடினால் அதே இடத்தில் விழும். சரியாக மை பிடிக்கவில்லை என்றால் மறுபடி மையிட்டு மூடலாம், மயிரிழை நகராது. மைகளும் அப்படியே. உடனே காய்கிற சாய மை ஒன்று, மெதுவாகக் காய்ந்து வெயிலுக்கு வெளிறாத நிறமி மை ஒன்று. ஈரமாக இருக்கும்போதே பொடி தூவிச் சூடு காட்டினால் பூ மேலெழும்பி நிற்கிறது. சித்தி இதைப் பார்த்திருந்தால் விடியவிடிய உட்கார்ந்திருப்பாள்.

மையைப் பொறுத்தவரை இன்றுதான் சிறந்தது, சந்தேகமில்லை. பெரியம்மா காலமானபின் அவளுடைய தகரப்பெட்டியைத் திறந்தபோது சித்தி அனுப்பிய அட்டைகள் ஒரு கட்டாக இருந்தன. வெளிச்சம் படாமல் இருந்ததால் ஊதாவும் நீலமும் ஓரளவு தப்பியிருந்தன. மஞ்சள் போன இடம் தெரியவில்லை, ஆரத்திச் சிவப்பு அழுக்குக் கறையாகியிருந்தது. கண்ணாடிச் சட்டத்தில் செருகி வைத்திருந்த ஒன்றில் ஊதாவும் போய், காய் அழுத்திய தடம் மட்டும் தாளில் குழிவாக இருந்தது. விரலால் தடவினால்தான் பூ தெரிந்தது.

இன்று இழந்தது எங்கே என்றால், தாளில். கடையில் பூப்போட்ட தாள் கட்டுக்கட்டாக, பன்னிரண்டு அங்குலச் சதுரமாக விற்கிறது. அழகான தாள். வெட்டி ஒட்டினால் அரைமணியில் அட்டை தயார். அச்சு வாங்குகிறவர்களும் பூவை நடுவில் ஒருமுறை அடித்துவிட்டு, பின்புலத்துக்குக் கடைத்தாளை ஒட்டிவிடுகிறார்கள். முழுத்தாளையும் நிறைக்கிற பின்புல அச்சுகூட விற்பனைக்கு உண்டு. ஒரே அழுத்தில் அட்டை முழுக்கப் பூ விழுந்துவிடும். இதனால் பூவுக்கும் பூவுக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுவது என்கிற தீர்மானம் செய்கிறவர் கையைவிட்டுப் போய்விட்டது. சித்தியின் கலை முழுவதும் அந்த இடைவெளியில் இருந்தது. வெண்டைக்காய்ப் பூ எல்லார் வீட்டிலும் ஒரே பூதான். அதை நெருக்கி வைத்தால் திருவிழாக் கூட்டம், தள்ளி வைத்தால் இரவு வானம். எந்த வீட்டுக்கு எது என்று அவள் யோசிப்பாள். துக்கம் நடந்த வீட்டுக்கு அந்த வருஷம் பொங்கல் வாழ்த்து போகாது. அடுத்த வருஷம் போகிற முதல் வாழ்த்தில் பூக்களைத் தள்ளித்தள்ளி வைத்து, ஒரே நிறத்தில் அடிப்பாள். வாங்குகிறவர்களுக்கு அது புரிந்ததா என்று நான் கேட்டதில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் ஆந்திராவில் மசூலிப்பட்டினம் பக்கத்திலுள்ள பெடனாவுக்குப் போனேன். கலம்காரித் துணிக்கு மரக்கட்டையால் அச்சடிக்கிற ஊர். கடுக்காயும் எருமைப்பாலும் ஏற்றிக் காயவைத்த துணி, சாக்கும் துணியும் பல அடுக்காக விரித்த நீண்ட மேசை, தேக்குக் கட்டைகள், துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் ஊறிய கறுப்புச் சாயம், சிவப்புக்குப் படிகாரம். சாயத் தொட்டியில் சாக்குத் துணி மடித்துப் போட்டு, அதன்மேல் கட்டையைத் தொட்டு எடுக்கிறார்கள். சித்தியின் டிபன் டப்பா மூடியின் அண்ணன் அது. ஒருவர் கட்டையை வைத்து, உள்ளங்கை அடியால் அதன் முதுகில் ஓங்கி ஒரு குத்து குத்தி, எடுத்து, நகர்ந்து, மறுபடி வைக்கிறார். அளவுகோல் கிடையாது. முந்தின அச்சின் விளிம்போடு இந்தக் கட்டையின் விளிம்பைக் கண்ணால் சேர்க்கிறார். மேசை முடிகிற இடத்தில் துணியைத் தாண்டிக் கட்டை விழுகிறது. அவர் ஓரத்தில் நிற்கவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது.

ஊருக்குத் திரும்பியதும் அண்ணன் மகளை உட்காரவைத்து வெண்டைக்காய் வெட்டிக் கொடுத்தேன். அவளுக்குக் காய் பிடிக்கவில்லை, ஒவ்வொரு பூவும் ஒவ்வொரு மாதிரி வருகிறது என்றாள். ஆனால் மடித்துப் புள்ளி எடுப்பதும் ஊடுபுள்ளியும் உடனே பிடித்துக்கொண்டது. வாழைமட்டைப் பிறையைத் தாளில் வரைந்து, ரப்பர் ஸ்டாம்ப் செய்கிற கடையில் கொடுத்தாள். முன்பெல்லாம் எழுத்துக் கோத்து அச்சுவார்த்து ரப்பரை வேகவைத்து எடுத்தவர்கள் இன்று லேசரால் ரப்பரைச் செதுக்கித் தருகிறார்கள். அலுவலக முத்திரை செய்கிற எந்தக் கடையிலும் நம்முடைய பூவையும் செய்துகொள்ளலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. கடைக்காரர் “இது எந்தக் கம்பெனி சீல்?” என்று கேட்டாராம். பொங்கல் வாழ்த்துக்கு என்றதும் அவரும் ஒன்று தனக்கு அடித்துக் கேட்டிருக்கிறார்.

அந்தப் பிறையை வைத்து அவள் செய்த தாள் சித்தி செய்ததைவிட நன்றாக இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். தெளிந்த கட்டையும் நல்ல மையும் கையில் இருக்கிறவள், இடைவெளியையும் தானே தீர்மானித்தால் என்ன ஆகும் என்று அதில் தெரிந்தது. ஏ4 தாளில் மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு பூ என்றால் வரிசைக்கு ஏழாகப் பத்து வரிசை, எழுபது அச்சு. அரைமணி நேர வேலை. காய்ந்தபின் குறுக்கும் நெடுக்கும் நடுவே வெட்டினால் சரியாக நான்கு அஞ்சலட்டை அளவுத் துண்டு. நான்கிலும் பூ ஒன்றுதான், வெட்டு விழுந்த இடம் வேறு. ஆகவே நான்கும் ஒன்றுபோல் இல்லை.

ஒன்றில்தான் அவளோடு எனக்குச் சண்டை. அட்டைகளைப் படம் எடுத்து இணையத்தில் போடுகிறாள், பாராட்டு வருகிறது, அட்டைகள் பெட்டிக்குள் போகின்றன. ஒரு பெட்டி நிறைய, யாருக்கும் போகாத வாழ்த்துகள். யாருடைய பெயரும் இல்லாத வாழ்த்தை எப்படி வாழ்த்து என்பது? “முகவரி யாரு கிட்ட இருக்கு சித்தப்பா?” என்றாள். நியாயமான கேள்விதான். எண் இருக்கிறது, இடம் தெரியாது. நண்பர்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்கச் சொன்னேன். கேட்ட ஒவ்வொருவரும் எதற்கு என்று திருப்பிக் கேட்டார்களாம். அவள் சொல்லவில்லை. பன்னிரண்டு பேர் முகவரி கொடுத்தார்கள், பன்னிரண்டு அட்டை போனது. அட்டையைப் பிடித்தபடி எடுத்த படங்கள் அவளுக்குத் திரும்பி வந்தன. ஒருத்தி மட்டும் தபாலில் பதில் போட்டிருந்தாள். உருளைக்கிழங்கில் செதுக்கிய சூரியன், ஓரம் முழுக்க இடம் விட்டு, நடுவில் ஒன்றே ஒன்று.

இதைப் படிக்கிறவர்களில் ஒருவராவது வருகிற தை மாதத்துக்கு ஒரு தாள் அச்சடிப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். வழவழப்பில்லாத தாளாக எடுங்கள். கையால் செய்த தாள் கிடைத்தால் இன்னும் நல்லது. புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் கூடம் 1959 முதல் பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்கிறது. அத்தகைய தாள் மையை நன்றாகக் குடிக்கும், ஆகவே மெத்தையில் மை குறைவாக இருக்கட்டும். முதல் அச்சைத் தினத்தாளில் அடித்துப் பாருங்கள். மடித்துப் புள்ளி எடுங்கள், கோடு போடாதீர்கள். ஊடுபுள்ளியில் தொடங்குங்கள். ஓரத்தில் நிற்காதீர்கள். அரைநாள் காயவிட்டு அப்புறம் வெட்டுங்கள். அஞ்சலட்டையில் அச்சடித்தால் உறைகூட வேண்டாம். பொங்கலுக்குப் பத்து நாள் முன்னதாகப் பெட்டியில் போட்டுவிடுங்கள், முகவரியின் கடைசி வரியில் ஆறு இலக்கப் பின்கோடு எழுத மறக்காதீர்கள்.